பதினோரு பாட்டில் பீன்ஸ்

லாண்டரியில் யாரும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாட்டிலக்கா என்றால்தான் தெரியும். ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து மடித்து அனுப்பும் இடம் அது. மடிக்கும் மேஜையில் பதினெட்டு வருஷமாக நிற்கிறாள். கை வேகம், வாய் அதைவிட வேகம். மேற்பார்வையாளர் சத்தம் போட்டால், "கைதானே சார் மடிக்குது, வாய் சும்மாதானே இருக்கு, அது பாட்டுக்குப் பேசிட்டுப் போகட்டும்" என்பாள். அவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அந்தப் பெயர் வரக் காரணம் ஓர் ஓவன். அவள் புருஷன் எலெக்ட்ரீஷியன். ஆறு வருஷத்துக்கு முன்னால், மூடிய பேக்கரி ஒன்றில் சும்மா கிடந்த ஓவனைத் தூக்கிக்கொண்டு வந்து, பத்து நாள் அதன் வயிற்றுக்குள் தலையை விட்டு உட்கார்ந்து சரிசெய்தார். சமையலறையில் பாதியை அது அடைத்துக்கொண்டது. "இத வெச்சுக்கிட்டு நான் எங்க நிக்கிறது, கூரையிலயா?" என்று கத்தினாள். கத்திய வாரமே, வீட்டில் குவிந்து கிடந்த பேரிக்காய்களை நறுக்கி, சர்க்கரைப் பாகும் எலுமிச்சைச் சாறும் ஊற்றிக் கண்ணாடி பாட்டில்களில் அடைத்து, இறுக மூடி அதற்குள் வைத்துப் பார்த்தாள். எடுத்து ஆறவிட்டதும் ஒவ்வொரு மூடியும் 'டக்' என்று உள்வாங்கிக்கொண்டது. அந்தச் சத்தம் அவளைப் பிடித்துக்கொண்டது.

பேரிக்காய்க்குப் பிறகு பிளம்ஸ், பிறகு தக்காளி. ஆறு வருஷத்தில் ஒரு பாட்டில்கூடக் கெட்டதில்லை. மற்றவர்கள் கல்யாணத்துக்குப் பாத்திரம் கொடுத்தால் இவள் பாட்டில் கொடுப்பாள். வாங்கியவர்கள் புகழ்ந்தால் உச்சி குளிர்ந்துபோவாள்.

இந்த வருஷம் சந்தையில் பீன்ஸ் கொட்டிக் கிடந்தது. ஒரு சாக்கு வாங்கிவந்து, நார் உரித்து, நறுக்கி, உப்புத் தண்ணீர் விட்டு, தக்காளிக்குச் செய்த மாதிரியே செய்தாள். பதினான்கு பாட்டில். பதினான்கு மூடியும் 'டக்' என்றது. இரண்டு வாரம் அலமாரியில் அடுக்கி வைத்து அழகு பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை பதினொன்றைப் பங்கு வைத்தாள். ஐந்து, அவள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில். ஆறு லாண்டரியில். அந்த ஆறில் ஒன்று, பக்கத்து மேஜைக்காரிக்கு.

பக்கத்து மேஜைக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவளைவிடப் பத்து வயது இளையவள். சேர்ந்த முதல் நாள் இவள்தான் மடிக்கச் சொல்லிக் கொடுத்தாள். அன்றிலிருந்து இருவரும் ஒட்டிப் பிறந்த மாதிரிதான். அவள் புருஷன் லாண்டரி வேனை ஓட்டுகிறவன். காலையில் வேனை நிறுத்தியதும் முதலில் இவள் மேஜைக்குத்தான் வருவான். "அக்கா, இன்னைக்கு என்ன பாட்டில்?" என்பான். சனிக்கிழமை அவன்தான் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, "பச்சப்பசேல்னு இருக்கேக்கா, இத சாப்பிடுறதா, ஜன்னல்ல வைக்கிறதா?" என்று கேட்டான்.

திங்கட்கிழமை லாண்டரிக்கு விடுமுறை. காலை எட்டு மணிக்கே அடுத்த தவணையாக கேரட் பாட்டில்களை ஓவனில் வைத்திருந்தாள். நேரமானதும் கதவைத் திறந்தாள். வெளிக்காற்று பட்டதும் முன்வரிசைப் பாட்டில் ஒன்று படாரென்று வெடித்தது. வெந்நீரும் கேரட்டும் சுவரெல்லாம் அடித்தன. வலது கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கண்ணாடிச் சில்லு இறங்கியது. வலி தெரிவதற்குள் ரத்தம் முழங்கை வரை ஓடிவிட்டது. புருஷன் துண்டைச் சுற்றி, தெருமுனை கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்.

கிளினிக்கில் இருந்த நர்ஸ் அதிகம் பேசாத பெண். தையல் போட்டுக்கொண்டே, "என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள்.

இவளுக்கு வலியிலும் பெருமை விடவில்லை. "பாட்டில்ல காய் போட்டு ஓவன்ல வைப்பேன்மா. வருஷக்கணக்கா பண்றேன். இன்னைக்குத்தான் மொதல் தடவ வெடிச்சுது."

"காயா? பழமா?"

"ரெண்டும்தான். இப்ப கேரட். போன தடவ பீன்ஸ்."

நர்ஸின் கை நின்றது. ஊசி பாதி இறங்கிய நிலையில் நிமிர்ந்து பார்த்தாள். "பீன்ஸையும் ஓவன்லயா வெச்சீங்க? சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. எல்லாருக்கும் குடுத்துட்டுக் கடைசியா சாப்பிடலாம்னு…"

"யாருக்குக் குடுத்தீங்க?"

குடியிருப்பிலும் லாண்டரியிலுமாகப் பதினோரு பேருக்கு என்றாள். நர்ஸ் மடமடவென்று சொன்னாள். பழத்தில் புளிப்பு இருக்கிறது, அது காப்பாற்றியிருக்கும். காயில் புளிப்பு கிடையாது. ஓவன் எவ்வளவு சூடானாலும், பாட்டிலுக்குள் இருப்பது தண்ணீர் கொதிக்கிற சூடுதான். அந்தச் சூட்டில் சாகாத ஒரு கிருமி இருக்கிறது. காற்றுப் புகாத பாட்டில் அதற்கு நல்ல வீடு. அங்கேயே இருந்து விஷத்தைக் கக்கும். நன்றாகக் கொதிக்கவிட்டால் விஷம் முறியும், அப்படியே தின்றால் ஆபத்து. வாடை வராது, நிறம் மாறாது, ருசியும் தெரியாது.

"மூடி நல்லா உள்ள இழுத்திருந்துச்சேம்மா."

"மூடி இழுத்துக்கிட்டா காத்து உள்ள போகலன்னு அர்த்தம். கிருமி செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. நான் படிச்ச எடத்துல ஒரு குடும்பமே வந்துச்சு. மூணு பேர்." பிழைத்தார்களா என்று நர்ஸ் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. "ஒண்ணுவிடாம திருப்பி வாங்குங்க. யாராவது சாப்பிட்டிருந்தா கண்ணு ரெண்டு ரெண்டாத் தெரியுதா, இமை தொங்குதா, வாய் காயுதா, முழுங்க முடியுதான்னு கேளுங்க. நெனவு மட்டும் தெளிவாத்தான் இருக்கும். ஒண்ணு இருந்தாலும் நேரா பெரிய ஆஸ்பத்திரி. பாட்டிலையும் எடுத்துட்டுப் போங்க. இப்பவே."

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஆரம்பித்தாள். முதல் வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர். "குடுத்ததத் திருப்பிக் கேக்குறியே, உனக்கே நல்லா இருக்கா?" என்றார். அதில் விஷம் இருக்கலாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு சொன்னாள். சொன்னதும் அவர் உள்ளே போய் எடுத்துவந்து, இரண்டு விரலால் மூடியைப் பிடித்துக் கொடுத்தார். இரண்டாம் வீட்டில் தந்துவிட்டார்கள். மூன்றாம் வீட்டில் நேற்றே சூப் வைத்து, அரை மணி நேரம் கொதிக்கவிட்டுச் சாப்பிட்டிருந்தார்கள். அந்த வீட்டுக்காரி இமையை இழுத்து இழுத்துக் கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் இவள் அந்த வீட்டுக்காரியின் கையைப் பிடித்து, "ஏதாச்சும் ஒண்ணு தோணினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காதீங்க" என்று கெஞ்சினாள். மற்ற இரண்டு வீடுகளிலும் பாட்டில் திறக்காமலே இருந்தது.

படிக்கட்டிலேயே உட்கார்ந்து லாண்டரி ஆட்களுக்குப் போன் போட்டாள். மேற்பார்வையாளர் பாட்டிலைத் திறக்கவில்லை. வேறு மூன்று பேர் திறக்கவில்லை. ஒருத்தி குழம்பில் போட்டுக் கொதிக்கவைத்துச் சாப்பிட்டிருந்தாள், நலமாக இருந்தாள். பக்கத்து மேஜைக்காரி மட்டும் போனை எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. ஏழாவது தடவை எடுத்தாள்.

"அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். பெரிய ஆஸ்பத்திரியில இருக்கேன். இவருக்குக் காலையிலேருந்து எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதாம். பேச்சு கொழறுது. மூளையில ரத்தம் கட்டியிருக்கும்னு சொல்லி ஸ்கேன் எடுத்தாங்க. அதுல ஒண்ணும் இல்லையாம். தண்ணி போட்டாரான்னு கேக்குறாங்க. இவரு டீகூடக் குடிக்க மாட்டாருன்னு உங்களுக்குத் தெரியுமே…"

"பீன்ஸ் சாப்பிட்டாரா?"

"என்னக்கா?"

"நான் குடுத்த பீன்ஸ். சாப்பிட்டாரா?"

"நேத்து வேன்லயே ரொட்டிக்கு வெச்சு அப்படியே சாப்பிட்டுட்டாரு. எனக்கு ஒரு வாய்கூட வைக்கல. ஏன்க்கா?"

இவள் எழுந்துவிட்டாள். "வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

ஆட்டோவில் புருஷன் மெல்ல ஆரம்பித்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. பயந்த மனுஷர். "இத்தனை டாக்டருங்க இருக்காங்க. அவங்களே கண்டுபிடிச்சுட மாட்டாங்களா? நீ போய், நான்தான் குடுத்தேன்னு சொன்னா, நாளைக்கு போலீசு, கேசுன்னு… கொஞ்சம் பொறு. என்ன ஆகுதுன்னு பார்ப்போம்."

அவர் சொன்னது அவள் மனசிலும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதுதான் அவளுக்கு அசிங்கமாக இருந்தது. மடியில் திறக்காத ஒரு பாட்டில். கட்டுப்போட்ட கையால் அதை அணைத்துப் பிடித்திருந்தாள். தையல் விண்விண் என்று தெறித்தது. ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி நின்றபோது, இறங்கி ஓடினால் சீக்கிரம் போய்விடலாமோ என்று தோன்றியது. அடுத்த நொடி, இந்தச் சிக்னலில் பச்சை விழாமலே இருந்துவிடாதா என்றும் தோன்றியது.

அவசரப் பிரிவு வாசலில் பக்கத்து மேஜைக்காரி நின்றிருந்தாள். ஓடிவந்து தோளில் சாய்ந்துகொண்டாள். இவள் அவளை நிமிர்த்தி நிறுத்தினாள். "என் பீன்ஸ்தாண்டி காரணமா இருக்கும். அதுல விஷம் இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. ஆனா நான்தான்." அவள் என்ன சொல்கிறாள் என்று பார்க்கக்கூட நிற்காமல் உள்ளே நடந்தாள்.

இளம் டாக்டர் ஒருவர் காகிதத்தில் குனிந்திருந்தார். "அம்மா, சொந்தக்காரங்க எல்லாம் வெளிய உக்காருங்க."

"சொந்தக்காரி இல்ல சார். வேன் டிரைவர் சாப்பிட்டது என் பாட்டில். வீட்டு ஓவன்ல போட்ட பீன்ஸ்."

"கை கட்டிருக்கு, முதல்ல நீங்க போய் உக்காருங்க. அப்புறம் பேசலாம்."

வழியை மறித்து நின்றாள். வாழ்நாளில் யாரிடமும் அப்படி நின்றதில்லை. "அவருக்கு இமை தொங்குதா இல்லையா? வாய் காஞ்சு கெடக்கா? எச்சிலாவது முழுங்க முடியுதா? நெனவு மட்டும் தெளிவா இருக்கா? சொல்லுங்க சார். சொல்லிட்டு என்னை வெளிய தள்ளுங்க."

டாக்டர் பேனாவை வைத்தார். பாட்டிலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு ஓடினார். நிஜமாகவே ஓடினார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. பெரிய டாக்டர் வந்தார். எத்தனை பாட்டில், யார் யார், என்றைக்கு என்று கேட்டார். பதினோரு வீட்டையும் ஒப்பித்தாள். முறிமருந்து அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. மூன்று மணி நேரத் தொலைவிலிருந்து காரில் வர வேண்டும். பகல் பன்னிரண்டுக்குக் கிளம்பியதாகச் சொன்னார்கள். ஒரு மணிக்கு டிரைவரால் தலையைத் தூக்க முடியவில்லை. இரண்டு மணிக்கு மூச்சு திணறியது, குழாய் போட்டார்கள். நடையில் இரண்டு பெஞ்சுகள் எதிரெதிராக இருந்தன. ஒன்றில் அவன் மனைவி, இன்னொன்றில் இவள். நடுவில் நான்கடிதான். அவள் இவளைப் பார்க்கவே இல்லை.

மருந்து மூன்று பத்துக்கு வந்தது.

"ஏற்கெனவே ஏறின விஷத்த இது எடுக்காது, மேல ஏறாமத் தடுக்கும். அதனால சீக்கிரம் தெரிஞ்சது நல்லது" என்று பெரிய டாக்டர் அந்த மனைவியிடம் சொன்னார். "இன்னும் ஒரு நாள் பக்கவாதம்னு நெனச்சுத் தேடிக்கிட்டு இருந்திருப்போம்." அவள் தலையாட்டினாள். இவள் பக்கம் திரும்பவில்லை.

சுகாதார அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து மிச்சப் பாட்டில்களை எல்லாம் எடுத்துப்போனார்கள். ஆய்வில் மூன்று பாட்டிலில் விஷம் இருந்தது தெரிந்தது. வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். விற்கவில்லை, மறைக்கவும் இல்லை என்று வழக்கில்லாமல் விட்டார்கள். லாண்டரியில் அப்படி விடவில்லை. இவள் தொட்ட டீ கிளாஸைக் கழுவிக் கழுவி வைத்தார்கள். பக்கத்து மேஜைக்காரி திரும்பி வந்தபோது கடைசி மேஜையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாட்டிலக்கா என்று கூப்பிடுவதும் நின்றுபோனது. கூப்பிட வேறு பெயர் இல்லாமல் "இந்தாங்க" என்றார்கள்.

டிரைவர் இருபத்திரண்டு நாள் வென்டிலேட்டரில் கிடந்தான். நினைவு முழுக்க இருந்தது, இமையைக்கூட அசைக்க முடியவில்லை. இவள் தினமும் வேலை முடிந்து போய் வார்டு வாசலில் கால் மணி நேரம் நிற்பாள். உள்ளே விடச் சொல்லிக் கேட்டதில்லை. அங்கிருந்த ஆயா ஒருத்திதான், "இன்னைக்கு விரல் அசைஞ்சுது", "இன்னைக்குக் கண்ணத் தொறந்தாரு" என்று வந்து சொல்வாள். குழாயை எடுத்து நான்கு நாள் கழித்து, ஆயா அவளை உள்ளே கூப்பிட்டாள். அவன்தான் கேட்டானாம்.

பாதியாக இளைத்திருந்தான். மனைவி ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்றாள். இவளுக்கு அழுகை முட்டியது, அழ உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டாள். அவன் காற்று மாதிரி ஒரு குரலில் ஏதோ சொன்னான். குனிந்து காதைக் கொடுத்தாள்.

"உப்பு கம்மிக்கா."

முதுகைக் காட்டி நின்றவளின் தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று இவளுக்குத் தெரியவில்லை.

ஓவனை அவள் தூக்கிப் போடவில்லை. புருஷன் போட்டுவிடலாம் என்றார். "அது என்ன பண்ணுச்சு, பண்ணினது நான்" என்றாள். இப்போது அதில் ரொட்டி மட்டும் சுடுகிறாள். யாராவது புதிதாக ஓவன் வாங்கினதாகக் காதில் விழுந்தால் போதும், வேலையைப் போட்டுவிட்டு அவர்களிடம் போய் முழுக் கதையையும் சொல்கிறாள். தன் பங்கைக் குறைக்காமல் சொல்கிறாள். சிலர் முகம் சுளிக்கிறார்கள். அதற்காகப் பாதியில் நிறுத்துவதில்லை.

ஏழு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை காலை, பக்கத்து மேஜைக்காரி கடைசி மேஜையிலிருந்து எழுந்து வந்தாள். கையில் மடித்த துண்டுகள் இருந்தன. அவற்றை வைக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை.

"இன்னைக்கு வேன எடுத்துட்டாரு" என்றாள்.

"நல்லா ஓட்டுறாராடி?"

"மெதுவாத்தான் ஓட்டுறாரு" என்று சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குத் திரும்பிப் போனாள்.