சிலேட்டுச் சேனல்

தொலைக்காட்சியில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் கண்ணை மூடினால் முதலில் வந்து நிற்பது ஒரு சிலேட். மரச்சட்டம் போட்ட, ஒரு மூலை உடைந்த பள்ளிக்கூடத்துச் சிலேட். பந்தலூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பஜாரில், சாயங்காலம் ஏழு மணிக்குக் கேபிளின் கடைசி நம்பரைத் திருப்பினால் அது திரை முழுக்க நிற்கும். "நாளை எட்டாம் நம்பர் காட்டில் கொழுந்து பறிப்பு. இருபது பேர். ஜீப் கீழ்ச் சந்திக்கு வரும்" என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். சில நாள் கண்ணாடி வளையல் போட்ட கை ஒன்று உள்ளே வந்து, இருபதை அழித்துப் பதினைந்து என்று எழுதிவிட்டுப் போகும். அந்தக் கை கேபிள் அக்காவுடையது. பஜாரில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அக்காவின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறியது. கேபிளை ஆரம்பித்தவர் அவர் கணவர். தேயிலை விலை விழுந்து பஜாரே ஈ ஓட்டிய வருஷங்களில் அவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். அக்கா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மரம் ஏறினார். ஆமாம், மரம்தான். அந்தச் சரிவில் கேபிளுக்கென்று கம்பம் கிடையாது. தேயிலைக்கு நிழல் தர நிற்கும் சில்வர் ஓக் மரங்கள்தான் கம்பம். கறுப்பு ஒயர் மரத்துக்கு மரம் தாவி, தொழிலாளர்கள் குடியிருந்த மூன்று லயங்களுக்கும் போகும். எஸ்டேட்டில் தினமும் வேலை என்பது இல்லாமல் போன பிறகு, நாளைக்கு எங்கே வேலை, எத்தனை பேருக்கு வேலை என்று சூப்பர்வைசர்கள் அக்காவுக்குப் போன் செய்து சொல்வார்கள். அக்கா அதைச் சிலேட்டில் எழுதி, பழைய கல்யாண வீடியோ கேமரா ஒன்றை அதன் முன்னால் நிறுத்திவிடுவார். சினிமா வராவிட்டால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். சிலேட் ஒரு நாள் வராவிட்டால் வீடு தேடி வந்துவிடுவார்கள்.

நான் அக்காவுக்கு எதிராளி. குன்னூர்ப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க்காக இருந்தவன். அது மூடியதும் ஒரு டிஷ் கம்பெனிக்கு விற்பனை ஆளாகப் போய், இந்தப் பஜாரில் வந்து விழுந்தேன். எதிர்க்கடையில் இன்னொரு டிஷ் கம்பெனியின் ஆள் உட்கார்ந்திருந்தான். நான் ஒரு மாதம் இலவசம் என்றால் அவன் இரண்டு மாதம் என்பான். அவன் குடை கொடுத்தால் நான் சுவர்க்கடிகாரம் கொடுப்பேன். இரண்டு பேரும் நாள் முழுக்க முறைத்துக்கொண்டதுதான் மிச்சம், லயத்தில் ஒருவரும் எங்களைச் சீந்தவில்லை. மாதக் கடைசிக்குள் நாற்பது டிஷ் போகாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று கம்பெனி சொல்லிவிட்டது. என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். மூடிய தொழிற்சாலையின் கேட்டை மறுபடி ஒரு முறை பார்க்கும் தெம்பு எனக்கு இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, என்னோடு முன்பு வேலை பார்த்து இப்போது அந்த எஸ்டேட் ஆபீசில் இருந்த நண்பர், டீ குடிக்கும்போது பேச்சுவாக்கில் சொன்னார். சம்பளம் போட வழியில்லாமல் எஸ்டேட் லயத்துப் பக்கத்துச் சில்வர் ஓக் மரங்களை விற்றுவிட்டதாம். வியாழக்கிழமை வெட்டு. டீ தொண்டையில் இறங்குவதற்குள் எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. மரம் விழுந்தால் ஒயர் விழும். ஒயர் விழுந்தால் மூன்று லயமும் என்னுடையது. எதிர்க்கடைக்காரன் காதில் விழாதபடி கோயம்புத்தூருக்குப் போன் செய்து நாற்பது டிஷ் கேட்டேன். புதன்கிழமை காலையில் பெட்டிகள் வந்து இறங்கின. தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். மதியம் அக்கா கடை வாசலில் வந்து நின்றார். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, மரம் வெட்டப் போறதா ஒரு பேச்சு அடிபடுது. ஒங்க கூட்டாளி ஆபீசுலதானே இருக்காரு. ஏதும் சொன்னாரா? ஒரு நாள் முன்ன தெரிஞ்சாக்கூடப் போதும். ஒயரை எறக்கி ரோட்டோரமா இழுத்துருவேன்."

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கக்கா" என்றேன். அவ்வளவு வேகமாக நான் பொய் சொன்னதே இல்லை. அக்காவின் கண் தார்ப்பாய்க்குப் போனது. "புதுச் சரக்கா?" என்றார். "கம்பெனில அவங்களா அனுப்பிட்டாங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மழையில் இறங்கிப் போனார். கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாசல்வரை வந்தேன். இரண்டு முறையும் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

வியாழன் வெள்ளனவே ரம்பச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மரமும் சாயும்போது ஒயரையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது. அக்கா கயிறும் வெட்டுக்கத்தியுமாக மரத்துக்கு மரம் ஓடினார். "அஞ்சு நிமிசம் பொறுங்க, இதை மட்டும் அவுத்துக்கிறேன்" என்று ஒவ்வொரு மரத்தடியிலும் கெஞ்சினார். வெட்டுகிறவர்களும் பாவம், அவர்களுக்கு லாரி காத்திருந்தது. நாலு மணிக்குள் மூன்று லயத்திலும் படம் போய்விட்டது. ஐந்து மணிக்கு முதல் டிஷ்ஷைத் தோளில் வைத்துக்கொண்டு நான் முதல் லயத்தில் நின்றேன். வீட்டுக்கு வீடு ஒரே வசனம்தான். "எல்லாச் சேனலும் வருமுங்க." ஞாயிறு மதியத்துக்குள் நாற்பதும் கூரை ஏறிவிட்டன.

அந்த வார்த்தையை ஜனங்கள் அப்படியே நம்பியிருக்கிறார்கள் என்பது திங்கட்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. மரம் வெட்டு நடந்ததால் வெள்ளியும் சனியும் கொழுந்து வேலை இல்லை. ஞாயிறு மாலை ஏழு மணிக்கு லயமே கடைசி நம்பரைத் திருப்பியிருக்கிறது. அங்கே ஒரு பெண் இந்தியில் நகை விற்றுக்கொண்டிருந்தாள். அவளும் மழை வலுத்ததும் பாதிச் சொல்லில் உறைந்து நின்றுவிட்டாள். அவள் போனால் சிலேட் வரும் என்று காத்திருந்திருக்கிறார்கள். காலையில் வழக்கம்போல் கீழ்ச் சந்தியில் போய் நின்றார்கள். ஜீப் அன்றைக்கு மேல் சந்திக்கு வந்து, ஆள் இல்லை என்று பக்கத்து ஊர் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பலருக்கு அந்த வாரத்தில் இருந்ததே அந்த ஒரு நாள் வேலைதான். மழைக்குத் தலையில் போட்ட சாக்குக் கொங்காணி நனைந்திருக்க ஓர் அம்மா என் கடைக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை, சந்தேகம் கேட்கத்தான் வந்தார். "எல்லாச் சேனலும் வருமுன்னீங்களே தம்பி, சிலேட்டு எந்த நம்பருல வருது?" என்றார். நான் ரிமோட்டை எடுத்துக் கடை டிவியில் நம்பர் நம்பராகத் திருப்பிக்கொண்டே போனேன்.

அன்று சாயங்காலம் லயத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் அக்கா எதிரே வந்தார். இரண்டு பக்கமும் வெட்டிய அடிமரங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. அவர் கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய சிலேட். மூன்று லயத்துக்கும் வாசல் வாசலாகக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருக்கிறார் என்று பார்த்ததுமே புரிந்தது. டிஷ்ஷின் கோணத்தைத் திருப்பி வைக்கச் சொன்ன ஒரு வீட்டுக்காக என் தோளில் கருவிப்பை. பாதையில் இரண்டு பேர் ஒதுங்க இடமில்லை. திட்டப்போகிறார், திட்டிவிட்டால் தேவலை என்று நின்றேன். "மூணாவது லயத்துக்குத்தானே போறீங்க தம்பி? அங்கன சொல்லிருங்க, நாளைக்கு ஜீப்பு மேல் சந்திக்குத்தான் வருமுன்னு. எனக்கு முட்டி வலிக்குது" என்றார். "சொல்லிடறேனுங்க" என்றேன். சொன்னேன், எல்லா வீட்டிலும். சொல்ல வேண்டிய இன்னொன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் எல்லா ஊரிலும் நடந்ததுதான். எந்தக் கம்பெனிக்காக எதிர்க்கடைக்காரனை முறைத்தேனோ, அது அவனுடைய கம்பெனியோடு கைகோத்து ஒன்றாகிவிட்டது. ஒரே குறுஞ்செய்தியில் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை போனது. அவனோடு இப்போது நான் சிநேகம். படம், பாட்டு, போன், செய்தி எல்லாம் ஒரே கைப்பேசிக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. நான் குன்னூரில் அதைப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அக்கா ஒயரை ரோட்டோரமாக இழுத்து இன்னும் சில வருஷம் தாக்குப்பிடித்தார். கடைசியில் இன்டர்நெட்டும் டிவியும் ஒரே ஒயரில் தரும் கம்பெனி ஒன்று வந்து, மிச்சமிருந்த வீடுகளையும் கொண்டுபோனது. அக்கா விடவில்லை. சிலேட்டில் எழுதி, படம் எடுத்து, கைப்பேசிக் குழுவில் தினமும் ஏழு மணிக்குப் போடுகிறார். என்னையும் அதில் அவர்தான் சேர்த்தார். எனக்குக் கொழுந்து பறிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். ஏன் சேர்த்தார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

போன வாரம் சிலேட் ஏழு மணிக்கு வரவில்லை, காலையிலேயே வந்தது. அதே உடைந்த மூலை, அதே சாய்ந்த கையெழுத்து. "நாளைக் காலை மூன்றாம் நம்பர் காட்டில் மரம் வெட்டு. மரத்தில் ஒயர் கட்டியிருக்கிறவர்கள் இன்றே இறக்கிக்கொள்ளவும். தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லவும்." அந்தக் காட்டு மரங்களில் இப்போது அக்காவின் ஒயர் ஒரு முழம்கூட இல்லை. அங்கே தொங்குவதெல்லாம் அவருடைய கடைசி வீட்டையும் கொண்டுபோன அந்தக் கம்பெனியின் ஒயர். கடையில் ஆள் நின்றுகொண்டிருக்க, நான் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. செய்தி வந்த நேரத்தைப் பார்த்தேன். வெட்டுக்கு முழுதாக ஒரு நாள் இருந்தது. அன்றைக்கு அக்கா என்னிடம் கேட்டதும் அவ்வளவுதான்.