நைனாவின் இடுப்பளவுக் கத்தாழை

கத்தாழை மீனின் தலையைச் சப்பித் தின்னும்போது, பல்லில் "டக்"கென்று ஒரு கல் தட்டும். கல் என்றுதான் வரதய்யபாளையத்தில் எங்கள் வீட்டில் சொல்வோம். அது மீனின் காதுக்குள் இருக்கும் எலும்பு என்பது படித்த பிறகுதான் தெரிந்தது. கழுவினால் பீங்கான் துண்டு போல வெள்ளை வெளேரென்று இருக்கும். ஒரு தலைக்கு இடதும் வலதுமாக இரண்டு.

அம்மாவின் வளையல் டப்பாவில் அப்படி ஒரு ஜோடி கிடந்தது, நாங்கள் வழக்கமாகத் தின்கிற மீன்களின் கல்லைவிடப் பெரிதாக. நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு மீன் ஆசை வர, நைனா தடா ஊரைத் தாண்டிக் கடற்கரைக் குப்பத்துக்கே போய் ஒரு கத்தாழை வாங்கினாராம். நிறுத்திப் பிடித்தால் அவர் இடுப்புக்கு வந்ததாம். திருமலைக்குப் போகிறவர்கள் ஏறும் பஸ் என்பதால் முழு மீனைக் கண்டக்டர் ஏற்றவில்லை. வேறு வழியில்லாமல் அங்கேயே வெட்டி, உடம்பைக் குப்பத்தாருக்கே கொடுத்துவிட்டு, தலையை மட்டும் துண்டு துண்டாக்கி வாழையிலையில் சுற்றிப் பைக்குள் ஒளித்து எடுத்துவந்தார். டப்பாவில் கிடந்தது அந்தத் தலையின் கல்தான். ஆக, முழு மீனை வீட்டில் ஒருவரும் பார்க்கவில்லை.

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமன், இதை விடவே இல்லை. "முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறவன பாத்துகீறேன், முழு மீன பைக்குள்ள மறைச்சவன் எங்க மாப்ளதான்" என்பார். யாராவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால், "இன்னா, கத்தாழயா?" என்று ஊரே கேட்கும் அளவுக்கு அது பரவியது. ஏரி முக்கால் நிரம்பிவிட்டது என்று நைனா சொன்னால்கூட, மாமன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் நைனா பொய்யர் இல்லை என்று எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே வைராக்கியம்.

நான் ஏழாவது படித்த வருஷம், புரட்டாசி முழுக்கப் பெருமாளுக்காகக் கவிழ்த்து வைத்திருந்த மீன்சட்டி ஐப்பசி பிறந்ததும் நிமிர்ந்தது. வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கத்தாழையையும், அம்மா அரிவாள்மனையில் வைப்பதற்கு முன்னால், வாயிலிருந்து வால்வரை நூலால் அளந்தேன். தின்று முடித்த பிறகு அதன் கல்லை அந்த நூலிலேயே முடிந்து வைத்தேன். குட்டை நூலில் சின்னக் கல், நெட்டை நூலில் பெரிய கல், ஒன்றுகூடத் தப்பவில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. மீனே இல்லாமல் போன பிறகும் அதன் நீளம் காதுக்குள் பத்திரமாக இருக்கிறதே என்று, அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்துப் போய் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமனும் வந்திருந்தபோது, கணக்குப் போட்டேன். டப்பாவில் இருந்த கல் எத்தனை மடங்கு பெரிதோ அதன் மீனும் அத்தனை மடங்கு என்று நூலை வெட்டி, நைனாவை நிற்க வைத்துப் பாதத்திலிருந்து மேலே பிடித்தேன். நூல் அவர் தொடையோடு நின்றுவிட்டது.

"பாத்தியா மாப்ள, கல்லு பொய் சொல்லுமா?" என்று மாமன் சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது. "வுடு, கொயந்த சரியாத்தான் அளந்துச்சி" என்று சொல்லிவிட்டு நைனா கைகழுவப் போனார். அதன் பிறகு அந்தக் கதையை அவர் வாயிலிருந்து நான் கேட்கவே இல்லை.

இன்று திருப்பதியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். பிறந்த குழந்தைக்குத் தலை பெரிதாகவும் உடம்பு சிறிதாகவும் இருக்கும், வளர வளர உடம்பு முந்திக்கொள்ளும் அல்லவா? கத்தாழைக்கும் அப்படித்தான், வயதானால் கல் தடிக்குமே தவிர, மீன் நீளும் வேகத்துக்கு அது நீளாது. சின்ன மீன்களை வைத்து நான் போட்ட மடங்குக் கணக்கு அங்கேதான் சறுக்கியது. இது புரிந்ததும், கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் கிடைத்த பெரிய கத்தாழைகளை அளந்து, அவற்றின் கல்லையும் சேர்த்துக்கொண்டே வந்தேன். அம்மாவின் கல்லுக்கு ஈடான மீன் மட்டும் கிடைக்கவில்லை. அந்த அளவெல்லாம் இப்போது வலையில் விழுவதே இல்லை என்கிறார்கள் கரையில். கேலி பேச மாமனும் இப்போது இல்லை.

சேர்த்த கற்களை வைத்துப் புதிதாகக் கணக்குப் போட்டு, போன வாரம் ஊருக்குப் போய், நைனாவைச் சுவரோரம் நிறுத்தி மறுபடி நூலைப் பிடித்தேன். தொடையைத் தாண்டியது, இடுப்பையும் தாண்டியது, மார்பில் போய் நின்றது.

"நைனா, இடுப்பளவுன்னுதான சொன்ன?"

அவர் குனிந்து நூலைப் பார்த்தார். "மாரளவுன்னு சொன்னா எவன் நம்புவான்? அதான் கொறச்சி சொன்னேன்."