கடைசி ஆள் எலாடியோ

எங்கள் ஊர் காதிஸ் துறைமுகத்தில் ஆயுசு முழுக்கக் கிரேன் ஓட்டியவர் எலாடியோ. உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, உள்ளே அவர் மட்டும். கீழே நிற்பவர்கள் கையை மேலே ஆட்டினால் தூக்குவார், கீழே ஆட்டினால் இறக்குவார். வாயைத் திறக்க வேலையே கிடையாது. அவருக்கும் சேர்த்து மனைவி மிலாக்ரோஸ் பேசித் தீர்த்துவிடுவாள். சந்தைக்கு வருவதும் அவள்தான். அவள் செத்துப்போன பிறகு, ஒரு சனிக்கிழமை காலையில், அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு என் சீஸ் கடை முன்னால் வந்து நின்றார் மனிதர்.

நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். எங்கள் சந்தையில் யாரும் வால் பிடித்த மாதிரி வரிசையில் நிற்பதில்லை. வந்ததும் "யாருங்க கடைசி?" என்று கேட்க வேண்டும். கடைசியாக வந்தவர் "நான்தான்" என்பார். அவருக்கு அடுத்தது நாம். அப்புறம் தூணில் சாய்ந்து வம்பளக்கலாம், பக்கத்தில் போய் மீன் வாங்கி வரலாம், நம் முறை எங்கும் ஓடாது. கேட்காதவர் மட்டும் கணக்கிலேயே இல்லை. எலாடியோவுக்கு இது தெரியாது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

எங்கார்னி என்று ஒருத்தி, என் வாடிக்கைக்காரி. வாய் சும்மா இருக்காது.

"பெரியவரே, ஏதாவது நேர்த்திக்கடனா, இப்படி நிக்கிறீங்க? கடைசி யாருன்னு வாயத் திறந்து கேளுங்க!"

அவருக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது. "யாரு... யாரு கடைசி?"

"நான்தான். எனக்கப்புறம் நீங்க. கேட்டதுல உயிரா போயிருச்சு?"

அடுத்து ஒரு பெண் வந்து "யாருங்க கடைசி?" என்றாள். எலாடியோ அங்கும் இங்கும் பார்த்தார். தன்னைத்தான் கேட்கிறாள் என்று புரிந்ததும், "நான்தாம்மா! நான்தான்!" என்றார். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. வீட்டில் அவரை ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை, பாவம்.

அதன்பின் தினமும் வந்தார். வாங்குவது என்னவோ ஒரு விரல்கடை ஆட்டுப்பால் சீஸ். தன் முறை வந்ததும், "நீ வாங்கிக்கம்மா, எனக்கென்ன அவசரம்" என்று பின்னால் இருப்பவளுக்கு விட்டுக்கொடுத்துவிடுவார். மறுபடியும் அவரே கடைசி. மறுபடியும் யாராவது வந்து கேட்பார்கள். அவர் சொல்வார். அப்படியே மழை, முட்டி வலி என்று நாலு பேச்சு.

"ஏன் எலாடியோ, கடைசி இடத்தை உங்க பேருக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டாங்களா?" என்பாள் எங்கார்னி.

"ஆமா. நீ வேணா வாடகைக்கு இருந்துக்க" என்பார். வாய் வந்துவிட்டது மனிதருக்கு!

பிறகுதான் பெரிய பெரிய கப்பல்கள் வர ஆரம்பித்தன. ஊர் பார்க்க வந்தவர்கள் சந்தைக்குள் வெள்ளமாக நுழைந்தார்கள். ருசி பார்ப்பார்கள், என் கத்தியைக்கூடப் படம் எடுப்பார்கள். குறை சொல்ல மாட்டேன், கை நிறைய வாங்கவும் செய்தார்கள். ஆனால் கடைசி யார் என்று கேட்கத் தெரியாது. யார் முதலில் வந்தது என்று தினமும் தகராறு. சந்தை நிர்வாகம் கடைக்குக் கடை நம்பர் சீட்டு மெஷின் வைத்துவிட்டது.

எலாடியோ சீட்டைக் கிழித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விளக்குப் பலகையைப் பார்த்தபடி நிற்பார். ஒருவரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. தன் சீட்டை ஒரு வெளியூர்ப் பெண்ணுக்குக் கொடுத்தார். அவள் சிரித்தாள், வாங்கினாள், போய்விட்டாள். கொஞ்ச நாளில் அவர் வருவதும் நின்றது.

சீஸ் வெட்டி வெட்டி என் மணிக்கட்டு வீங்க, மேட்டுத் தெரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நோயாளிகள் காத்திருக்கும் அறைக் கதவைத் திறந்து வழக்கம்போல, "யாருங்க கடைசி?" என்றேன்.

"நான்தான்!"

மூலையில் எலாடியோ. இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை.

"அடப்பாவமே, உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல பஸ்தோரா. கல்லு மாதிரி இருக்கேன்."

"பின்ன இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

அவர் கதவைப் பார்த்தார். "இங்க இன்னும் கேக்குறாங்கம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். "சும்மா உக்காந்து கண்ட நோயையும் வாங்கிட்டுப் போகப் போறீங்களா? நாளைக்குக் கடைக்கு வாங்க. அந்த மெஷின் கெட்டுப்போச்சு" என்றேன்.

அது கெடவில்லை. காலையில் நான்தான் வயரைப் பிடுங்கிவிட்டு, அதன் தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்தேன்.

எலாடியோ மிலாக்ரோஸின் பையோடு வந்தார். சாக்கைப் பார்த்ததும் காலரைச் சரிசெய்துகொண்டார். அன்றைக்கென்று பார்த்தா கப்பல் வந்து தொலைய வேண்டும்! கடை முன்னால் முழுக்க வெளியூர் ஜனம். எங்கார்னியும் இல்லை. கூட்டம் பிடிக்காமல் அவள் சூப்பர் மார்க்கெட்டுக்கு மாறிவிட்டிருந்தாள்.

"யாருங்க கடைசி?" என்றார், கணீரென்று.

ஒருவரும் திரும்பவில்லை. அரைக்கால் சட்டை போட்ட ஒருவன் மட்டும், வழி கேட்கிறார் என்று நினைத்து ஒதுங்கி நின்றான்.

"யாரு... கடைசி?" இந்தத் தடவை குரல் உள்ளே போய்விட்டது. பையைத் தோளில் ஏற்றினார். இப்போது இவர் திரும்பிப் போனால் இனி இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

கத்தியைக் கீழே வைத்தேன். தடுப்புப் பலகையைத் தூக்கி வெளியே வந்து, கூட்டத்தைச் சுற்றிப் போய், அவருக்கு முன்னால் நின்றேன்.

"நான்தான் கடைசி. எனக்கப்புறம் நீங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ கடைக்காரியாச்சே."

"ஏன், கடைக்காரி சீஸ் திங்க மாட்டாளா?"

"அப்ப வெட்டிக் குடுக்கிறது யாரு?"

"யாராவது வருவாங்க. உங்களுக்கு அவசரமா?"

"எனக்கென்ன அவசரம்" என்றார். பையை இறக்கிக் காலடியில் வைத்தார். ஆளில்லாத கடையை ஜனமெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, மிலாக்ரோஸ் இந்த ஆட்டுப்பால் சீஸை எண்ணெயில் ஊறப்போடுவதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். பாதியில் நிறுத்திவிட்டு, மெல்லத் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை.

"யாராவது வந்தா என்னைக் கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்க" என்றேன்.