முட்டை லாரிக்காரரின் தாடை

சேலத்து ஸ்கேன் சென்டரில் எனக்கு முன்னால் ஒன்பது பேர் இருந்தார்கள். கழுத்து வலியோடு எத்தனை நேரம் உட்காருவது என்று முனகிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில், நாமக்கல்லிலிருந்து முட்டை லாரி ஓட்டும் ஒருவர். நாற்பது வயதிருக்கும். தாடை இடப்புறம் நன்றாகக் கோணியிருந்தது. அப்படிப்பட்டவர்களின் மெல்லும் தசைகளை எம்ஆர்ஐயில் படமெடுத்து ஆராய்கிறார்களாம், அதற்காக வந்திருந்தார்.

அணைத்து வைத்த செல்போனின் கண்ணாடியில் அடிக்கடி முகம் பார்த்தார். அரை மணியில் பதினான்கு முறை.

"கூச்சப்படாதீங்க. ஆபரேஷன் பண்ணுனா நேராயிரும்" என்றேன்.

"அதுதானுங்க அய்யா பயம். எங்கம்மாளுக்கும் இதே கோணல். அதனாலயே ஒரு போட்டோ எடுக்க உடல. செத்து ஆறு வருசமாச்சு. இந்த மொகத்துலதான் அம்மாளைப் பாத்துக்கறேன். ஆனா மெல்ல முடியலீங்க, வெறும் கஞ்சிதான் குடிக்கறேன்."

அவரைக் கூப்பிட்டார்கள். கதவுக்குப் பின்னால் இயந்திரம் தட்டத் தொடங்கியது. தட்டல்களை இருநூறு வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

வெளியே வந்தவரின் முகம் தெளிந்திருந்தது.

"எலும்பை நேராக்குனாலும் இந்தச் சதை பழையபடி இழுத்தாலும் இழுக்கும்னு டாக்டரம்மா எச்சரிக்கறாங்க. அதத்தான் ஆராய்ச்சி பண்றாங்களாமுங்க."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

"பண்ணிக்கறனுங்க. எங்கம்மா எப்படியும் திரும்பி வந்துருமுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் வலியில்லாமல் சாப்பிட வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தாடை நேராகவே நின்றுவிட்டால் அவர் என்ன செய்வார் என்ற கவலை என்னை விடுவதில்லை.