பிழைத்தவர்களைத் தேடிப் போன பிரிஜெட்

பட்டாளத்தார் பகுதியான கன்டோன்மென்ட்டில் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் ஆயாவாக இருந்தவள் பிரிஜெட். வார்டில் குனிந்து நிமிர முடியாதபடி முட்டி வலி வந்தபோது, 1934இல், டாக்டரம்மா அவளுக்கு வேறு வேலை கொடுத்தார். கர்ப்பப்பைப் புற்றுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று வீடுவீடாகப் போய் விசாரிக்க வேண்டும். குனிகிற வேலை இல்லை. நடை மட்டும் ஏராளம்.

ஆஸ்டின் டவுனில் ஜகதாம்பாள் கதவைப் பாதிதான் திறந்தாள். கனத்த உடம்பு, நீரிழிவு வேறு. தீட்டு நின்றுபோன வயதில் உதிரம் கண்டும், மூன்று மாதம் மறைத்து வைத்திருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவள். ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கவே டாக்டரம்மா அன்று பயந்தார்.

“மெதுவாப் பேசு பிரிஜெட்டு! மருமகளுக்கு வெறும் கட்டின்னுதான் சொல்லியிருக்கோம். நல்லா இருக்கேன், போ.”

பிளாக்பள்ளியில் ஜூடித்தின் புருஷன் பெர்னார்ட் மட்டும் இருந்தார்.

“ஈஸ்டருக்கு முன்னாடி அடக்கம் பண்ணிட்டோம். உதிரம் கண்ட அதே வாரம் கூட்டிட்டு வந்தேனே ஆயாம்மா? சீக்கிரம் வந்தா பிழைக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?”

அன்று சாயங்காலமே பிரிஜெட் டாக்டரம்மாவிடம் போய் நின்றாள்.

“சீக்கிரம் வந்தா பிழைக்கலாம்னு நான் சொன்னது பொய்யாம்மா? லேட்டா வந்த ஜகதாம்பாள் இருக்கா, ஜூடித் போயிட்டாளே.”

“பொய் இல்லை. சீக்கிரம் வந்தவங்கள்ல நிறையப் பேர் பிழைக்கறாங்க, எல்லாரும் இல்லை. ஜகதாம்பாளுக்குப் புற்று கர்ப்பப்பையோட உள்தோல்லயே நின்னுடுச்சு. ஜூடித்துக்குக் கர்ப்பப்பைச் சுவர்ல ஆழமா இறங்கியிருந்தது. வகையும் முரட்டு வகை. அறுத்துப் பார்த்த பிறகுதான் தெரிஞ்சது.”

யாரும் சொல்லாமலே, மறுநாள் முட்டியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு மறுபடி பிளாக்பள்ளிக்கு நடந்தாள். பெர்னார்டிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“உங்க தப்பு இல்லைங்க. ஜூடித்தம்மா தப்பும் இல்லை.”

“ஏதோ பாவம் பண்ணிட்டேன்னு நெனச்சுக்கிட்டே போனா. இதை அவகிட்டச் சொல்லியிருந்தா தேவலை” என்றார் பெர்னார்ட்.

அதற்குப் பிறகும் போகிற வீடுகளில் இருக்கும் பெண்களிடம், “தள்ளிப் போடாதீங்க, சீக்கிரம் வந்து காட்டுங்க” என்று பிரிஜெட் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். பிழைத்துவிடுவீர்கள் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. 1941இல் கால் ஒரேயடியாக நடக்க மறுத்துவிட, வேலையை விட்டாள். அந்த வருஷமும் ஜகதாம்பாள் உயிரோடுதான் இருந்தாள். கதவைத் திறக்காமலே, “நல்லா இருக்கேன், போ” என்று பதில் சொன்னாள்.