பஸ்ஸில் சொன்ன வசனம்

காலையில் மகள் ஜெனியோடு அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு பஸ்ஸில் போனேன். வரும் ஞாயிறு எங்கள் சர்ச்சில் நாடகம். எழுதியது என் மனைவி. அதில் நான் அப்பா, ஜெனி வீட்டை விட்டுப் போகும் மகள்.

சும்மாதானே உட்கார்ந்திருக்கிறோம் என்று வசனத்தைச் சொல்லிப் பார்த்தோம்.

"வாசப்படியத் தாண்டிப் போனா, இனி நீ எனக்குப் புள்ளையே இல்ல" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

முன் சீட்டிலிருந்த அம்மா ஒருவர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"சார், அப்படிச் சொல்லாதீங்க. நானும் எம்மவன்கிட்ட இப்படித்தான் சொன்னேன். ரெண்டு வருஷமா வூட்டுப் பக்கமே வரல."

ஜெனி பதறிப்போய், "இது நாடகம்ங்கம்மா. பேசிப் பாக்குறோம்" என்றாள்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"நாடகத்துல அந்தப் பொண்ணு திரும்பி வருமா பாப்பா?"

"அந்தப் பொண்ணு தானா வராதுங்க. கடைசியில அப்பாதான் தேடிப் போயி கூப்புடுவாரு."

அவர் பையிலிருந்து போனை எடுத்தார். முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார்.

"தம்பி, அம்மா பேசுறேன். சாப்ட்டியா?"

நாங்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். பெரம்பலூரில் இறங்கும்போதும் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

மாலை ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் எனக்கு வசனம் வரவே இல்லை.

"பஸ்ஸுல அவ்வளவு நல்லா சொன்னீங்களாமே, இங்க என்ன ஆச்சு?" என்கிறாள் மனைவி.

பெற்ற பிள்ளையை மனதாரத் திட்டக்கூடிய அப்பா யாராவது இருந்தால், ஞாயிறுக்குள் சொல்லுங்கள்.