உட்காராத உபதேசியார்

என் அக்காள் புருஷன் ஜீவராஜுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. எல்கடுவத் தோட்டத்துச் சின்ன தேவாலயத்தில் அவர்தான் உபதேசியார். மாத்தளையிலிருந்து போதகர் மாதம் ஒரு தடவை வருவார். மற்றபடி ஜெபம், நோயாளி வீடு, அடக்கம் எல்லாம் மச்சான் தலையில்தான். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்திலும் அப்படித்தான். வேலை முடிந்த கையோடு யாருக்காவது ஜெபம் பண்ண ஓடிவிடுவார்.

அக்காள் சிவரூபினி கலியாணத்தோடு கிறிஸ்தவ வேதத்துக்குப் போனவள். நான் இன்னும் மாரியம்மனுக்குத்தான் விளக்கு வைக்கிறேன். அதற்காக மச்சானோடு எனக்குச் சண்டை வந்ததில்லை. சண்டையெல்லாம் இந்த வருஷம்தான்.

அக்காளுக்குப் புற்றுநோய். இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். நான் நாவுலயிலிருந்து வந்து அவளோடு தங்கினேன். வந்து பார்த்தால் இந்த மனுசன் அவள் பக்கத்தில் ஒரு நிமிஷம் இருப்பதில்லை. கூரைத் தகரத்துக்கு ஆணி அடிப்பார். தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, அதை மறந்து ஊற்றுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போவார். யார் வீட்டிலாவது துக்கம் என்று போன் வந்தால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அக்காளின் கண் அவர் பின்னாலேயே வாசல்வரை போய்த் திரும்பும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"செத்தவுங்களுக்காக ஓடுறீங்களே மச்சான், உசுரோட ஒருத்தி இங்க கெடக்குறாளே" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"அவளுக்குச் சொகமாயிரும் நந்தினி. ஜெபிச்சிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு வேலி வெட்டப் போய்விட்டார்.

போன வாரம் கீழ் லயத்து வீடொன்றில் இறந்துபோன ஒருவரை அடக்கம் செய்துவிட்டு, மத்தியானம் மழையில் நனைந்து வந்தார். அக்காளுக்கு அன்றைக்கு மூச்சு இழுத்தது. தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்த்தி வைத்திருந்தேன்.

"இன்னைக்கு அங்க என்னங்க பேசுனீங்க?" என்று கேட்டாள்.

"வழக்கமா பேசுறதுதான்."

"எனக்கும் சொல்லுங்க."

அவர் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். "தேத்தண்ணி ஊத்தட்டா புள்ள?"

"தேத்தண்ணி வேணாம். மண்ணுக்குள்ள போறதோட முடிஞ்சிராது, புது உசுரா எழும்புவோம்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. எனக்கு மட்டும் ஒருநாளும் சொன்னதில்ல. எனக்கு நேரமில்லைங்க."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். நான் குறுக்கே போய் நின்றேன். மச்சான் என்ற மரியாதையெல்லாம் எங்கே போனதோ தெரியாது. "இன்னைக்கு நீங்க எங்கயும் போகமாட்டீங்க" என்று கதவைச் சாத்தினேன்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தும் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

"அதச் சொன்னா ஒன்னைய நானே அனுப்பி வைக்கிற மாதிரி இருக்கு" என்றார். "அவள எனக்கே திருப்பிக் குடுத்துருங்கன்னு ஆண்டவர்ட்ட கெஞ்சிக்கிட்டிருக்கேன். கெஞ்சுற வாயால எப்புடி அதச் சொல்றது? அத்தன பேருக்குச் சொல்லிட்டேன் புள்ள. ஒங்கிட்டச் சொல்லும்போது அது பொய்யாப் போயிருமோன்னு பயமா இருக்கு."

உபதேசியார் வாயில் அந்தப் பேச்சைக் கேட்டதும் நான் ஆடிப்போனேன். அந்த நம்பிக்கை என்னுடையதில்லை. ஆனாலும் அது அவரிடம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நானும் இத்தனை நாள் அழாமல் இருந்திருக்கிறேன்.

அக்காள் அவருடைய ஈரக் கையைப் பிடித்தாள்.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. நீங்க பயந்துக்கிட்டே சொல்லுங்க. நான் பயந்துக்கிட்டே கேக்குறேன்."

மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். கதவடியில் நின்று நானும் கேட்டேன்.